அம்மாவின் வீட்டுச் சாமான்களைச் சாரிட்டி கடைக்குக் கொடுப்பது: எதை ஏற்பார்கள், எதை மறுப்பார்கள், ஏன்?

வசந்தி (ஹாரோ) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இருபத்தாறு வருடங்களாக லண்டனின் ஹாரோவில் ஒரே வீட்டில் வாழ்ந்த என் அம்மாவால் இனித் தனியாக இருக்க முடியாது என்பதால், அவரைக் கவன்ட்ரியில் உள்ள அண்ணாவின் வீட்டுக்கு அழைத்துப்போக முடிவு செய்திருக்கிறோம். அங்கே அவருக்கென்று ஓர் அறைதான் இருக்கிறது. கவுன்சில் (உள்ளூராட்சி) வீட்டின் திறப்பை ஒப்படைப்பதற்கு இன்னும் ஐந்து கிழமைகளே உள்ளன. அதற்குள் ஒரு முழுக் குடும்பம் பாவித்த சாமான்கள் அனைத்தையும் எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

அம்மா எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். “ஒண்டையும் எறியாதேங்கோ, பாவிக்கிற ஆக்களுக்குக் குடுங்கோ” என்றார். வெறுங்கையோடு இந்த நாட்டுக்கு வந்து, முதற் குளிர்காலத்தில் போட்ட மேலங்கியையே, தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் ஒரு சாரிட்டி கடையில் வாங்கியவர் அவர். ஆகவே தன்னுடைய சாமான்களும் அப்படியான ஒரு கடைக்கே போக வேண்டும் என்று விரும்புகிறார். எனக்கும் அதே விருப்பம்தான்.

சென்ற சனிக்கிழமை காரை நிரப்பிக்கொண்டு பக்கத்தில் உள்ள ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கொண்டுபோனவற்றில் பாதிக்கு மேல் திருப்பிவிட்டார். மைக்ரோவேவ், பிரஷர் குக்கர், பேரனின் கார் இருக்கை, சோபாவின் மெத்தைகள் எவற்றையும் அவர் வாங்கவில்லை. அத்தனையும் நல்ல நிலையில் இருப்பவை. காரணம் கேட்கவும் வாய் வராமல் திரும்பி வந்து, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசலில் காருக்குள்ளேயே சிறிது நேரம் இருந்துவிட்டேன்.

வீட்டில் இன்னும் இருப்பவை இரண்டு சோபாக்கள், கட்டிலும் மெத்தையும், ஆறு கதிரைகளுடன் ஒரு சாப்பாட்டு மேசை, இரண்டு அலுமாரிகள், சென்னைக்குப் போனபோது வாங்கிவந்த கிரைண்டர், எரிவாயு அடுப்பு, தையல் இயந்திரம், மூன்று சூட்கேஸ் நிறையச் சீலைகள், இடியப்ப உரல் முதல் பெரிய கிடாரம் வரை குசினிப் பாத்திரங்கள், ஒரு பெட்டி தமிழ்ப் புத்தகங்கள், அம்மா நடப்பதற்குப் பிடிக்கும் சட்டம் (வாக்கர்) ஒன்றுக்கு இரண்டு. இவற்றில் எதை எங்கே கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

டூட்டிங் தொண்டர் பதில் எழுதியது:

வணக்கம் வசந்தி. நான் ஒன்பது வருடங்களாகத் தென் லண்டனில் ஒரு சாரிட்டி கடையின் பின்னறையில், வந்து சேரும் பைகளைப் பிரித்துத் தரம் பார்க்கும் வேலையைக் கிழமைக்கு இரண்டு நாள் சம்பளமில்லாமல் செய்து வருகிறேன். உங்களுக்கு நடந்தது எங்கள் கடையிலும் ஒவ்வொரு நாளும் நடப்பதுதான். திருப்பி அனுப்புகிற எங்களுக்கும் அது எளிதான காரியம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பலரும் நினைப்பதுபோல, இந்தக் கடைகள் சாமான்களை வாங்கி ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதில்லை. அவற்றை விற்று, வாடகையும் செலவும் போக மிஞ்சும் பணத்தைத்தான் அந்த அறக்கட்டளையின் வேலைக்குக் கொடுக்கின்றன. ஆகவே நீங்கள் இலவசமாகக் கொடுத்த பொருளை நாங்கள் மூன்று பவுண்டுக்கு விற்றாலும், சட்டத்தின் பார்வையில் நாங்கள் ஒரு வியாபாரிதான். அந்தப் பொருளால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு எங்களுடையது. உங்களுக்கு மறுக்கப்பட்டவை எல்லாம் இந்த ஒரு காரணத்தால் மறுக்கப்பட்டவையே தவிர, அவை பழையவை என்றோ உங்கள் வீட்டுப் பொருள் தரக்குறைவானது என்றோ எவரும் நினைக்கவில்லை.

சோபாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 மே மாதத்தில் மான்செஸ்டர் நகரின் வூல்வர்த்ஸ் கடையில் தளபாடப் பகுதியில் பிடித்த தீயில் பத்துப் பேர் இறந்தார்கள். மெத்தைகளுக்குள் இருந்த ஃபோம் எரிந்து கக்கிய நச்சுப் புகை எவ்வளவு விரைவாக ஆளைக் கொல்லும் என்பதை நாடு அப்போது கண்டது. இன்றும் நடைமுறையில் இருக்கும் தளபாடத் தீப் பாதுகாப்பு விதிகள் 1988-இல் வந்தன. அந்த விதிகளின்படி ஃபோம் அல்லது பஞ்சு அடைத்த சோபா, மெத்தை, குஷன், கட்டிலின் தலைப்பலகை, இருக்கையில் மெத்தை தைத்த சாப்பாட்டுக் கதிரை ஆகியவை தீப் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்றவையாக இருந்தால்தான் கடை விற்கலாம்; அதைக் காட்டும் நிரந்தரமான சீட்டு இல்லாமல் கடைகள் அவற்றை வாங்குவதில்லை. 1950-க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தச் சீட்டு பெரும்பாலும் இருக்கைக் குஷனின் உட்புறத் தையலில் அல்லது சோபாவின் அடித்துணியில் இருக்கும். உடம்பில் குத்துகிறது என்று எங்கள் ஆட்கள் அதைக் கத்தரித்துவிடுகிறார்கள். கத்தரித்த பிறகு அது சென்ற மாதம் வாங்கிய சோபாவாக இருந்தாலும் எங்களால் தொட முடியாது. ஆகவே இன்றிரவே இரண்டு சோபாக்களையும் கவிழ்த்துப் பாருங்கள்.

சீட்டு இருந்தால், தளபாடங்களுக்கென்றே பெரிய கடைகளை நடத்தும் அறக்கட்டளைகளைக் கூப்பிடுங்கள். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் வீட்டுக்கே வந்து இலவசமாக எடுத்துச் செல்கிறது. எமாவுஸ் என்ற அமைப்பும் அப்படித்தான். 1949-இல் பிரான்சில் பாதிரியார் ஒருவர் தொடங்கிய அந்த அமைப்பின் முதல் இங்கிலாந்து இல்லம் 1990-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் திறந்தது. வீடிழந்தவர்களே அங்கே தங்கி, வருகிற தளபாடங்களைத் திருத்தி விற்று வாழ்கிறார்கள். அம்மா கேட்டது நிறைவேறுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எடுத்துச் செல்லும் வண்டிக்கு இரண்டு மூன்று கிழமைகள் காத்திருக்க நேரலாம் என்பதால், ஐந்து கிழமையில் முதல் நாளிலேயே இதைப் பதிவு செய்யுங்கள். மெத்தையைச் சீட்டு இருந்தாலும் பலர் சுகாதாரக் காரணத்துக்காக வாங்க மாட்டார்கள். கட்டில் சட்டத்தை வாங்குவார்கள். கழற்றிய ஆணிகளையும் திருகுகளையும் ஒரு பையில் போட்டுச் சட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள், ஒரு திருகு இல்லாத கட்டில் எங்களுக்கு வெறும் பலகைதான்.

கார் இருக்கையை மறுத்ததற்குக் காரணம், அது ஏதாவது விபத்தில் அடிபட்டிருந்தால் உள்ளே விழுந்த வெடிப்பு வெளியில் தெரியாது என்பது. பிரஷர் குக்கரின் ரப்பரும் வால்வும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கடையில் வைத்துச் சோதிக்க வழியில்லை. எரிவாயு அடுப்பை அநேகமாக எந்தக் கடையும் வாங்காது. அதைக் கழற்றுவதற்கும் கேஸ் சேஃப் என்ற எரிவாயு வேலைப் பதிவுள்ள தொழிலாளியைத்தான் கூப்பிட வேண்டும். நடைச் சட்டங்கள் என்.எச்.எஸ். (அரசின் பொதுச் சுகாதார சேவை) கொடுத்தவையாக இருந்தால் அவை இன்னும் அவர்களுக்கே சொந்தமானவை. அம்மாவுக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு, மற்றதில் ஒட்டியிருக்கும் தொலைபேசி எண்ணுக்குச் சொன்னால் போதும்.

இனிச் சீலைகள். இதைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல விரும்புகிறேன். நான் சேர்ந்த முதல் வருடத்தில், காஞ்சிபுரம் பட்டு ஒன்று வேறொரு தொண்டரின் கைக்குப் போய், ஐந்தரை மீற்றர் திரைச்சீலைத் துணி என்று எழுதப்பட்டு, நான்கு பவுண்டுக்கு விற்கப்பட்டது. அவர் மீது குற்றமில்லை. அவருக்கு அது என்ன என்று சொல்ல அன்று பக்கத்தில் எவரும் இல்லை. அதனால் சீலைகளை, சீலை கட்டுகிற பெண்கள் வந்துபோகும் தெருவில் உள்ள கடைக்கே கொடுங்கள்; உங்கள் ஹாரோவிலேயே அப்படியான கடைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தோய்த்து மடித்து, பட்டா, நைலெக்ஸா, பருத்தியா, சட்டைத்துணி சேர்ந்திருக்கிறதா என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு துண்டில் எழுதிக் குத்திவிடுங்கள். அந்தத் துண்டு இருந்தால் நாற்பது பவுண்டுக்குப் போகும் சீலை, அது இல்லாவிட்டால் கந்தல் மூட்டைக்குள் போய்விடக்கூடும். கிழிந்ததையும் கறை பட்டதையும் தனிப் பையில் போட்டு, அது கந்தல் என்று சொல்லியே கொடுங்கள். சில கடைகள் அதையும் வாங்கி, நிறைக்கணக்கில் துணி வியாபாரிகளுக்கு விற்கும். அந்த மூட்டைகளில் பல கப்பலேறி, கானாவின் அக்ரா நகரில் உள்ள கன்டமன்டோ போன்ற சந்தைகளுக்குப் போகின்றன. அங்கும் விற்க முடியாதது அந்த ஊரின் குப்பையாகிறது. ஆகவே முற்றாக நைந்துபோனதைத் தானமாகக் கொடுக்க வேண்டாம் என்று உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

சூட்கேஸ்களைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு அறையையும், உள்துணியின் கிழிசலையும் கைவிட்டுப் பாருங்கள். நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் கடைக்கு வந்த ஒரு பழைய சூட்கேஸின் உள்துணிக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில் சுற்றியபடி, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள ஒரு காணியின் உறுதிப் பத்திரமும் இரண்டு பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் அன்று வேலையில் இருந்திராவிட்டால் அது குப்பைக் கடதாசி. கொடுத்தவர் பெயர் எழுதாமல் போய்விட்டதால் தேடவும் வழியில்லை. அதை மேலாளரின் இரும்புப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். எட்டாம் நாள் ஒரு தம்பி ஓடி வந்தார். அவருடைய தகப்பனார் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது முதலில் கேட்டது அந்தச் சூட்கேஸைத்தானாம். எங்கள் பெற்றோர் எதை எங்கே ஒளித்து வைத்துக்கொண்டு ஊரை விட்டு வந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மாவைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டே பெட்டிகளைத் திறவுங்கள்.

கார்த்திக் (ரெடிங்) பதில் எழுதியது:

வசந்தி அக்காவுக்கு வணக்கம். நான் கோயம்புத்தூரைச் சேர்ந்தவன். இங்கே மின்சாதனங்களைப் பரிசோதிக்கும் வேலை செய்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு சாரிட்டி கடைக்குச் சென்று அவர்களுக்காகவும் அந்தச் சோதனையைச் செய்து கொடுக்கிறேன். மேலே எழுதிய அம்மையார் தொடாமல் விட்ட மின்சாதனங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய மின்சாதனத்தை விற்கும் கடை, அது பாதுகாப்பானது என்று உறுதிசெய்த பிறகே விற்க வேண்டும். அதற்காகத்தான் ஒயர், பிளக், ஃபியூஸ், மின்காப்பு, மின்கசிவு ஆகியவற்றைப் பார்த்து, தேறியது என்று பச்சைச் சீட்டு ஒட்டுகிறோம். இந்தச் சோதனைக்குக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் தேவை என்பதால், சிறிய கடைகள் மின்சாதனமே வேண்டாம் என்று சொல்லிவிடுகின்றன. உங்கள் மைக்ரோவேவை மறுத்த கடையில் இப்படிச் சோதிக்க ஆள் இல்லாமல் இருந்திருக்கும். மின்சாதனங்களை விற்கும் பெரிய கடைக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள். மின்சாரப் போர்வை இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். பல கடைகள் அதை வாங்குவதில்லை.

கிரைண்டர் விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம் வரலாம். மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் பொருந்தும் என்பதால் அது உங்கள் வீட்டில் இத்தனை வருடம் ஓடியிருக்கும். ஆனால் 1994-ஆம் ஆண்டு விதிகளின்படி, இங்கே விற்கப்படும் வீட்டுச் சாதனத்தில் இந்த நாட்டுத் தரத்துக்குரிய ஃபியூஸ் வைத்த மூன்று முனை பிளக் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த கிரைண்டரில் உருண்டை முனை பிளக் இருக்கும். பிளக்கை நான் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவேன். ஆனால் இந்த நாட்டுச் சந்தைக்கென்று தயாரிப்பாளர் இட வேண்டிய முத்திரை அதில் இருக்காது என்பதால், கடைக்காரர் அதை விற்கத் தயங்குவார், தயங்குவதும் சரிதான். கல் நன்றாக இருந்தால், தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு நேரடியாகக் கொடுங்கள். ஒயரில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மாவரைக்கும் இடத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தையல் இயந்திரத்தைச் சாதாரணக் கடைக்குக் கொடுக்க வேண்டாம். ஹாரோவிலிருந்து மெட்ரோபாலிட்டன் ரயிலின் கடைசி நிறுத்தங்களில் ஒன்றான செஷத்தில் வொர்க்எயிட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பழைய தொழிற்கருவிகளையும் தையல் இயந்திரங்களையும் தொண்டர்கள் அங்கே பழுது பார்த்து, தொழில் கற்பவர்களுக்காக ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள்.

வசந்தி (ஹாரோ) மீண்டும் எழுதியது:

இருவருக்கும் மனம் நிறைந்த நன்றி. நேற்றிரவே சோபாக்களைக் கவிழ்த்துப் பார்த்தோம். பெரியதில் சீட்டு இருக்கிறது. சிறியதில் கத்தரித்த அடையாளம் மட்டும்தான் இருக்கிறது. கத்தரித்தது நான்தான் என்று அம்மா நினைவுபடுத்தினார், அப்போது எனக்குப் பதினைந்து வயது.

இரண்டு விடயங்கள் கேட்க வேண்டும். முதலாவது, சீட்டு இல்லாத அந்தச் சோபாவை என்ன செய்வது? ஐம்பது பவுண்டுக்குத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதாக ஒருவர் சொல்கிறார். இரண்டாவது, சனிக்கிழமை அந்தக் கடையில் கிஃப்ட் எய்ட் படிவம் ஒன்றை நீட்டினார்கள். அம்மாவுக்கு ஓய்வூதியமும் பென்ஷன் கிரெடிட்டும் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி) தவிர வேறு வருமானம் இல்லை. நான் வேலைக்குப் போய் வரி கட்டுகிறேன். அம்மாவின் சாமான்களுக்கு நான் என் பெயரில் கையெழுத்திடலாமா? அன்று அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டேன்.

குரொய்டன் கணக்காளர் பதில் எழுதியது:

வணக்கம். அறக்கட்டளைகளின் கணக்கைப் பார்ப்பது என் தொழில் என்பதால் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன்.

கிஃப்ட் எய்ட் என்பது, வரி கட்டியவர் தன் பணத்தைத் தானம் கொடுக்கும்போது, அதற்கு அவர் ஏற்கெனவே கட்டிய அடிப்படை வரியை அறக்கட்டளை அரசிடமிருந்து திரும்பப் பெறும் ஏற்பாடு. பத்துப் பவுண்டு தானத்துக்கு இரண்டரைப் பவுண்டு மேலதிகமாகக் கிடைக்கும். ஆனால் இது பணத்துக்குத்தான் பொருந்துமே தவிரப் பொருளுக்குப் பொருந்தாது. அதனால் கடையில் வேறொரு வழியைக் கையாள்கிறார்கள்: பொருள் உங்களுடையதாகவே இருக்க, கடை உங்கள் முகவராக நின்று அதை விற்கிறது; விற்ற பணம் இவ்வளவு என்று உங்களுக்கு எழுதுகிறது; நீங்கள் அந்தப் பணத்தைத் தானமாக விட்டுக்கொடுக்கிறீர்கள். பையில் ஒட்டும் பார்கோடு சீட்டு, எந்தப் பொருள் யாருடையது என்று கணக்கு வைப்பதற்குத்தான்.

ஆகவே கையெழுத்திடுபவர் அந்தப் பொருளின் சொந்தக்காரராகவும், திரும்பப் பெறப்படும் தொகைக்குக் குறையாமல் அந்த ஆண்டில் வருமான வரியோ மூலதன ஆதாய வரியோ கட்டியவராகவும் இருக்க வேண்டும். அம்மாவின் சாமான்களுக்கு நீங்கள் கையெழுத்திட முடியாது. வரி கட்டாத அம்மாவும் கையெழுத்திடக் கூடாது, ஏனெனில் குறையும் வரியைக் கட்டும் பொறுப்பு கையெழுத்திட்டவர் மீதே விழும். நீங்கள் அந்தக் கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, சனிக்கிழமை கொடுத்த பைகள் உங்களுடையவை அல்ல என்று சொன்னால் அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை, இப்படி அடிக்கடி நடக்கிறது. உங்கள் சொந்த உடுப்புகளையும் சாமான்களையும் கொடுக்கும்போது தாராளமாகக் கையெழுத்திடுங்கள். கிஃப்ட் எய்ட் இல்லாவிட்டாலும் அம்மாவின் பொருளால் கடைக்குக் கிடைக்கும் நன்மை குறைவானதல்ல: தானமாக வந்த பொருளின் விற்பனைக்கு அவர்கள் மதிப்புக்கூட்டு வரி செலுத்த வேண்டியதில்லை, கட்டட வரியிலும் நூற்றுக்கு எண்பது வீதம் கழிவு பெறுகிறார்கள்.

வான்காரர் விடயத்தில் மிகக் கவனமாக இருங்கள். குப்பை ஏற்றுபவருக்குச் சுற்றாடல் முகவரகத்தின் பதிவு இருக்க வேண்டும்; அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பதிவில்லாதவர் அந்தச் சோபாவை ஒரு காட்டுப் பாதையில் வீசிவிட்டுப் போனால், விசாரிக்காமல் ஒப்படைத்ததற்காக 600 பவுண்டு வரை தண்டம் உங்களுக்கு வரக்கூடும். கவுன்சிலின் பெரிய பொருள் அகற்றும் சேவையையே பயன்படுத்துங்கள். சோபா என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பழைய சோபாக்களின் துணியிலும் ஃபோமிலும் உள்ள, அழியாமல் தங்கும் தீத்தடுப்பு இரசாயனங்களின் காரணமாக, 2023 முதல் அவற்றை மண்ணில் புதைக்காமல் தனியாக எரிக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் விதி.

பிரவீன் (லெஸ்டர்) பதில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருச்சியிலிருந்து முதுகலை படிக்க வந்தவன். வந்த முதல் வாரத்தில் தட்டு, கரண்டி, வாணலி, குளிர்கோட்டு எல்லாவற்றையும் சாரிட்டி கடைகளில்தான் வாங்கினேன். மொத்தம் 31 பவுண்டு ஆனது. ஆனால் இட்லிப் பாத்திரமும் நம் வீட்டு அளவுக்கான சோற்றுப் பானையும் எந்தக் கடையிலும் இல்லை. வசந்தி அக்கா வீட்டில் இருக்கிற இடியப்ப உரலும் கிடாரமும் கடையில் யாருக்கும் பெயர் தெரியாத பொருள்களாகத் தூசி படிந்து கிடக்கும். லண்டனில் உள்ள தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிடும். செப்டம்பரிலும் ஜனவரியிலும் புதிதாக மாணவர்கள் வரும்போது தேவை மிக அதிகம். பிரஷர் குக்கருக்குப் புது ரப்பர் வாங்கி மாட்டிக் கொடுத்தால், அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்த கைக்கே அது போய்ச் சேரும். ஃப்ரீகிள் என்ற இலவசப் பரிமாற்றத் தளத்திலும் போடலாம்.

ஈஸ்ட்ஹாம் வாசகர் பதில் எழுதியது:

புத்தகப் பெட்டியைத் தயவுசெய்து அவசரப்பட்டு எங்கும் கொடுத்துவிடாதீர்கள். தமிழ் எழுத்தை வாசிக்க முடியாத கடை அதற்கு விலை போட முடியாமல் கடதாசிக் கழிவில் சேர்த்துவிடும். பாட நூல்களையும் கதைப் புத்தகங்களையும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். ஆனால் ஈழத்தில் அச்சான பழைய சஞ்சிகை, ஊர்ச் சங்க மலர், கோயில் கும்பாபிஷேக மலர், நினைவு மலர் போன்றவை இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அப்படி அழிந்தவற்றின் இன்னொரு பிரதி யாராவது ஒருவருடைய வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கக்கூடும். 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தார் இத்தகைய வெளியீடுகளை வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைக்கிறார்கள். தலைப்பையும் ஆண்டையும் எழுதி அவர்களிடம் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அவர்களுக்கு எழுதுங்கள்.

டூட்டிங் தொண்டர் மீண்டும் எழுதியது:

ஒரு சிறு விடயத்தை முன்பு சொல்ல மறந்துவிட்டேன். கடை பூட்டியிருந்தால் பைகளை வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இரவில் யாராவது கிழித்துக் கிளறுவார்கள், மழை நனைக்கும், காலையில் நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன் தெருவைக் கூட்டிக் குப்பையில் போட வேண்டியிருக்கும்; அதை அகற்றுவதற்கான கட்டணமும் அறக்கட்டளைக்கு வந்த பணத்திலிருந்தே போகும். சட்டவிரோதமாகக் குப்பை கொட்டியதாகக் கருதப்பட்டால் 1,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கும் அதிகாரமும் கவுன்சிலுக்கு உண்டு. கிழமைநாள் காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், ஒரு தடவைக்கு நான்கு ஐந்து பைகளாகக் கொண்டு போங்கள். சனிக்கிழமை மதியம் பின்னறையில் எங்களுக்குக் கால் வைக்கவும் இடம் இருக்காது. அந்த நெரிசலில் நல்ல பொருளும் கவனிக்கப்படாமல் போய்விடும்.

வசந்தி (ஹாரோ) நான்கு கிழமைகளின் பின் எழுதியது:

எல்லோருக்கும் என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பெரிய சோபாவும் மேசையும் அலுமாரிகளும் தளபாடக் கடையின் வண்டியில் போய்விட்டன. ஆறு கதிரைகளில் இருக்கையில் மெத்தை தைத்தவை இரண்டு. சீட்டு இல்லாததால் அவற்றை விட்டுவிட்டு மற்ற நான்கையும் எடுத்தார்கள். சிறிய சோபாவைக் கவுன்சில் எடுத்துக்கொண்டது. கிஃப்ட் எய்ட் பதிவைத் தொலைபேசியில் நீக்கிவிட்டேன். கிடாரத்தையும் உரலையும் குக்கரையும் வெம்பிளியில் ஒரே வீட்டில் இருக்கும் ஐந்து மாணவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். உரலில் எந்த அச்சுக்கு மாவை எவ்வளவு இறுக்கமாகக் குழைக்க வேண்டும் என்று அம்மா அரை மணி நேரம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். புத்தகப் பெட்டியின் அடியில் எங்கள் ஊர் வாசிகசாலை 1974-இல் வெளியிட்ட மலர் ஒன்று கிடைத்தது. அது எண்ணிம நூலகத்தில் இல்லை, அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

சீலைகளை அம்மாவும் நானும் மூன்று இரவுகள் இருந்து பிரித்தோம். ஒவ்வொன்றும் எந்தக் கலியாணத்துக்கு எடுத்தது என்று அவர் சொல்லச் சொல்ல, நான் துணியின் பெயரை மட்டும் துண்டில் எழுதிக் குத்தினேன். சூட்கேஸ்களின் உள்துணியையும் சொன்னபடியே கைவிட்டுப் பார்த்தேன். உறுதி எதுவும் இருக்கவில்லை. மூன்றாவது சூட்கேஸில், அம்மா முதல் வருடம் வாங்கிய அந்த மேலங்கியின் விலைச் சீட்டு இருந்தது. இரண்டு பவுண்டு ஐம்பது என்று பென்சிலால் எழுதியிருந்தது. மேலங்கியை நேற்றுக் காலை பத்தரைக்குக் கடையில் கொடுத்துவிட்டு வந்தோம். சீட்டை அம்மா தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.